உடையப்பன் பார்த்த இருட்டு

ஈப்போ புந்தோங்கில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கும் உடையப்பனைக் காட்டி, இவர் ஒரு கூட்டத்துக்குத் தலைவர் என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், மனிதர் அப்படித்தான். கல்யாண வீட்டில் கடைசி வரிசையில் உட்காருவார். தைப்பூசத்தில் ரதத்துக்கு வெகு பின்னால், கூட்டத்தோடு கூட்டமாக வருவார். யாராவது படம் எடுக்கக் கைப்பேசியைத் தூக்கினால் பக்கத்தில் தூண் இருக்கிறதா என்று தேடுவார். மகன் பவித்ரன் பட்டம் வாங்கிய அன்று எடுத்த குடும்பப் படத்தில்கூட அவருடைய ஒரு தோளும் ஒரு காதும்தான் விழுந்திருக்கின்றன. "இவரு எங்க வீட்டு ஆளுதான்னு வர்றவங்ககிட்ட எல்லாம் நான்ல சொல்ல வேண்டியிருக்கு" என்று மனைவி புஷ்பலதா அந்தப் படத்தைக் காட்டும்போதெல்லாம் அலுத்துக்கொள்வார்.

பகலில் அவருக்கு மெங்லெம்பு பக்கம் ஒரு தரையோட்டுக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற வேலை. பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது, செம்பனையும் போய் இப்போது அங்கே வரிசை வரிசையாக வீடுகள். அதை நினைத்து உருகுகிற ஆள் இல்லை அவர். "அட்டையும் கொசுவும். அதுல என்னா இருக்கு நெனச்சுப் பாக்க?" என்பார். தோட்டம் கைமாறியபோது அப்பா அம்மாவோடு ஈப்போவுக்கு வந்தவர், கிடைத்த வேலையெல்லாம் செய்து, கடைசியில் ஒரு சைபர் கஃபேயில் கல்லாவைப் பார்த்துக்கொள்ள உட்கார்ந்தார். ஆள் வராத மத்தியானங்களில் சும்மா இருக்கும் கணினிகளில் ஒன்றின் முன்னால் உட்கார்ந்தார் பாருங்கள், அங்கே பிடித்த பித்து இன்னும் விடவில்லை.

அந்தப் பித்தின் பெயர் 'ஹஷ்வாக்கர்'. வீடியோ கேம். எப்போதும் மழை பெய்கிற ஒரு துறைமுக ஊர், அதில் ஒரு திருடன். பெரிய மாளிகைகளுக்குள் புகுந்து, சொன்ன பொருளை எடுத்துக்கொண்டு, வந்த சுவடே தெரியாமல் வெளியே வர வேண்டும். சுட்டுத் தள்ளுகிற ஆட்டம் இல்லை இது. பதுங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடுகிற ஆட்டம். காவலாளிகளை அடித்துப் போடவும் அதில் வழி உண்டு. உடையப்பன் அந்தப் பக்கமே போக மாட்டார். ஒரு காவலாளி கொட்டாவி விட்டுத் திரும்புகிற வரைக்கும் திரைச்சீலைக்குப் பின்னால் கல்லாக நிற்பார். "ஒருத்தன் மேலயும் கை வைக்கக் கூடாது, ஒருத்தன் கண்ணுலயும் படக் கூடாது. அதான் லா ஆட்டம். மத்ததெல்லாம் அடிதடி."

இப்படி ஆடுகிற தமிழர்கள் பேராக் மாநிலத்தில் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள் என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் வாட்ஸ்அப் குழுவில் கொசகொசவென்று ஆள் இருந்தது. முதல் பாகம் வந்து பதினான்கு வருஷம் ஆகியும் இரண்டாம் பாகம் வரவில்லை. இதோ வருகிறது என்றார்கள், கம்பெனியை மூடினார்கள், வேறு கம்பெனி வாங்கியது, மறுபடியும் இதோ என்றார்கள். பொறுமை இல்லாதவர்கள் காற்பந்து கேமுக்கும் துப்பாக்கி கேமுக்கும் ஓடிவிட்டார்கள். மிஞ்சியது நாலு பேர். கமுந்திங் தொழிற்பேட்டையில் மெஷின் பழுது பார்க்கும் கஸ்பார், லூமுட் படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் கத்தரின், தாப்பாவில் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் தீபன், இவர்களுக்கு மூத்தவராக நம் உடையப்பன். மூன்று பேருக்கும் அவர் வாக்குதான் வேதவாக்கு.

அவர் போட்டுவைத்த சட்டங்கள் உண்டு. புதிதாக ஒன்று வந்தால், விளம்பரப் படமாக இருந்தாலும் சரி, முதல் அபிப்பிராயத்தைக் குழுவில் ஒரே வரியில்தான் எழுத வேண்டும். முழுப் பேச்சும் ஞாயிற்றுக்கிழமை ஈப்போ லிட்டில் இந்தியாவில், வழக்கமான வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில். அதுவரை ஊர் உலகத்தில் யார் என்ன எழுதினாலும் எட்டிப் பார்க்கக் கூடாது. அடுத்தவன் வாயால் ருசி பார்க்கக் கூடாது என்பது அவர் கட்சி. கடையிலும் வயதில் சின்னவர் முதலில் பேச வேண்டும். பெரியவர் முதலில் பேசிவிட்டால் சின்னவர்கள் ஆமாம் சாமி போட்டுவிடுவார்களாம்! அந்த மட்டுக்கும் மனிதர் யோசித்திருந்தார்.

இன்னொரு சட்டம்தான் எல்லாவற்றிலும் கடுமையானது. திரையின் வெளிச்சத்தைக் கூட்டக் கூடாது. கேமைச் செய்தவன் எந்த அளவில் வைத்தானோ அந்த அளவில்தான், வீட்டை இருட்டாக்கிக்கொண்டு ஆட வேண்டும். "வெளிச்சத்த ஏத்தி வெச்சு ஆடுறதும் பரீட்சையில காப்பியடிக்கிறதும் ஒண்ணு" என்பார். ஒரு தடவை பிச்சைமுத்து என்ற ஆள் வெளிச்சம் போட்ட படம் ஒன்றைக் குழுவில் அனுப்பி, உடையப்பன் கொடுத்த டோஸில் அன்றைக்கே குழுவை விட்டு ஓடினான். நேரில் வாயே திறக்காத மனிதருக்கு எழுத்தில் மட்டும் எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வருமோ!

காத்திருந்த வருஷங்களில் பவித்ரன் வளர்ந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனான். உடையப்பனுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, வந்தது. அரசாங்கக் கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள், கண்ணின் உட்புறத்தைப் படம் எடுத்தார்கள். டாக்டரம்மா நம்மவர்தான். "ரெண்டு மூணு எடத்துல ரத்தப் புள்ளி இருக்கு. இப்பக்கி ஒண்ணும் செய்ய வேணாம். வருஷா வருஷம் வந்து காட்டுங்க. இருட்டுல பார்வ மங்குற மாதிரி இருந்திச்சின்னா ஒடனே வந்துடணும், சரியா?" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தவர், மறு வருஷம் போகவில்லை. ஓவர்டைம் என்றார். அதற்கடுத்த தேதிக்குக் கார் சரியில்லை என்றார். பயம் என்று மட்டும் சொல்லவில்லை. இழுத்து ஆற்றிய தே தாரிக்கில் சீனி குறையவில்லை, சாயங்கால வடையும் நிற்கவில்லை. புஷ்பலதா கத்திக் கத்தி ஓய்ந்துபோனார்.

அப்புறம், அட, நிஜமாகவே 'ஹஷ்வாக்கர் 2' வந்துவிட்டது!

வியாழக்கிழமை. உடையப்பன் லீவு போட்டுவிட்டுக் கடை திறக்கும் முன்பே போய் நின்று பெட்டியை வாங்கி வந்தார். ஆடுவதற்கான மெஷினைப் பவித்ரன் முன்பே வாங்கி அனுப்பியிருந்தான். புது கார், புது ஃபிரிட்ஜ் எது வந்தாலும் சாமிக்குக் காட்டுகிற வீடு அது. புஷ்பலதா பெட்டியை வாங்கிச் சாமி மேடையில் வைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தார். பிறகு பெட்டியைத் திறந்து உள்ளே இருந்த கேம் டிஸ்க்கைப் பார்த்து, "இந்தத் தட்டுக்கும் ஒரு பொட்டு வைக்கட்டுங்களா?" என்றார்.

"அலாமா! தட்டுல வேணாம் லா!" என்று உடையப்பன் பாய்ந்து பிடுங்கிக்கொண்டார். அன்று அந்த வீட்டில் இரண்டு பேருக்குமே சிரிப்பு. புஷ்பலதா பிள்ளைகள் காப்பகத்தில் சமையல் வேலைக்குக் கிளம்பிப் போனதும், உடையப்பன் ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டி, கதவிடுக்கில் துண்டைத் திணித்து, பகலை இரவாக்கிக்கொண்டு உட்கார்ந்தார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், மணவறையில் உட்கார்ந்தபோதுகூட அவ்வளவு பூரிப்பு இருந்ததா என்பது சந்தேகம்.

மழைச் சத்தம் கேட்டது. திரை கறுப்பாக இருந்தது. சரி, ஆரம்பம்தானே, இனிமேல்தான் படம் வரும் என்று காத்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டது. எங்கேயோ நாய் குரைத்தது. திரை அப்படியே கறுப்பாக இருந்தது. ஓர் ஓரத்தில் மட்டும் நூல் மாதிரி ஒரு வெளிச்சக் கோடு. கைப்பிடியில் பொத்தானை அழுத்தி ஓர் அடி எடுத்து வைத்தார். எதிலோ இடித்தது. தகர டப்பா உருண்டது. "யாரது?" என்று ஒரு குரல், அடுத்த கணம் பிடிபட்டார்.

உடையப்பன் பிடிபட்டார்! மறுபடியும் ஆரம்பித்தார். மறுபடியும் பிடிபட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டிவியைத் துடைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மூக்கு திரையில் முட்டுகிற மாதிரி உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். கறுப்புதான். அந்தக் கறுப்புக்குள் காவலாளிகள் இருக்கிறார்கள், சுவர் இருக்கிறது, ஏணி இருக்கிறது, அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை.

அப்போதுதான் டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்தது.

கை தானாக வெளிச்சம் கூட்டுகிற இடத்துக்குப் போனது, பிறகு நின்றது. சட்டம் போட்டவரே சட்டத்தை மீறுவதா என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய காரணம் வேறு. கூட்டிப் பார்த்தும் தெரியாமல் போனால்? கண் போனது உறுதியாகிவிடுமே! மெஷினை அணைத்துவிட்டு, போர்வை கட்டிய அறையில் அப்படியே உட்கார்ந்திருந்தார். கண் இல்லாமல் ஃபோர்க்லிஃப்ட் எப்படி ஓட்டுவது, ஓட்டாவிட்டால் என்ன வேலை செய்வது, புஷ்பலதாவிடம் எந்த வாயால் சொல்வது? கத்திக் கத்திச் சொன்னவள் ஆயிற்றே.

கைப்பேசியில் குழு மணியடித்தது. தீபனின் வரி வந்திருந்தது: "அண்ணே, மழச் சத்தம்! மெய் சிலிர்த்துப்போச்சு." பின்னாலேயே கஸ்பார்: "காலடிச் சத்தம் காதுக்குள்ளயே கேக்குது. நம்பர் ஒன்." கத்தரின்: "பின்னணி இசை அருமையோ அருமை."

மூன்று பேரும் நன்றாகத்தான் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ஆக, கோளாறு கேமில் இல்லை. உடையப்பன், "காத்திருந்தது வீண் போகல" என்று தட்டி அனுப்பினார். மூன்று பேரும் உடனே கும்பிடு போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை கிடங்கில் அவர் வண்டி ஊர்ந்தது. மேற்பார்வையாளர் சுகுமாரன், "என்னா உடையப்பா, பொண்ணு மாப்பிள்ள ஊர்வலமா போவுது?" என்று கேட்டான். அடுக்குகளுக்கு நடுவே இருக்கிற ஒவ்வொரு மூலையும் நேற்றைவிட இருண்டிருப்பதாக உடையப்பனுக்குப் பட்டது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பெட்டியின் எண்ணைப் படித்தார், தெரிந்தது. மறு கண்ணை மூடிப் படித்தார், அதுவும் தெரிந்தது. வெளிச்சத்தில் தெரியும், இருட்டில்தானே மங்கும் என்றார்கள்? கழிவறைக்குப் போய்த் தாழிட்டு, விளக்கை அணைத்து, கையை முகத்துக்கு நேராக நீட்டிப் பார்த்தார். கை தெரியவில்லை! ஜன்னலில்லாத அறையில் விளக்கை அணைத்தால் எந்த மகாராஜனுக்குக் கை தெரியும்? ஆனால் பயந்தவனுக்கு அதெல்லாம் தோன்றுமா? முகம் வெளிறி வெளியே வந்தார்.

வீட்டிலோ கதை தலைகீழாகப் போய்க்கொண்டிருந்தது. சாயங்காலம் புஷ்பலதா தேநீர் கலக்கப் போனபோது, "எனக்குச் சீனி வேணாம், கோசோங்கா போடு" என்றார் உடையப்பன். புஷ்பலதா கரண்டியோடு வெளியே வந்து ஆளைப் பார்த்தார். ராத்திரிச் சாப்பாட்டில் உடையப்பன் பாதிச் சோற்றை ஒதுக்கினார். சனிக்கிழமை மேல்மாடி இருளாயி கேசரி கொடுத்தனுப்பினார், அதையும் தொடவில்லை. புஷ்பலதாவுக்குத் தலைகால் புரியவில்லை. இருளாயியிடம் போய், "அக்கா, நான் முருகனுக்கு வேண்டிக்கிட்டது வீண் போகலக்கா. மனுஷனுக்குப் புத்தி வந்துருச்சு" என்றார். சிங்கப்பூருக்குப் போன் போட்டு மகனிடம் சொன்னார். காப்பகத்தில் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே உடன் வேலை செய்கிற பெண்களிடமும் சொன்னார். இந்தப் பூரிப்பையெல்லாம் பார்க்கப் பார்க்க உடையப்பனுக்கு வாய் இன்னும் இறுகிக்கொண்டது. மத்தியானத்தில் போர்வையைக் கட்டிக்கொண்டு உட்காரத்தான் செய்தார், மெஷினை மட்டும் போடவில்லை.

ஞாயிறு காலை இரண்டு பேரும் லிட்டில் இந்தியாவுக்குப் போனார்கள். புஷ்பலதா பூவும் வெற்றிலையும் வாங்கக் கடைத்தெருவுக்குள் போனார். உடையப்பன் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தார். மூன்று பேரும் முன்பே வந்து மூலை மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். வழக்கமாக இருக்கிற கூச்சல் இல்லை. மூன்று முகமும் ஏதோ துக்க வீட்டுக்கு வந்த மாதிரி இருந்ததை உடையப்பன் கவனிக்கவில்லை. அவர் நினைப்பு அவருக்கு.

சின்னவன் தீபன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "அண்ணே, மழண்ணே. கூரையில பெய்யிற மழைக்கும் தெருவுல பெய்யிற மழைக்கும் வேற வேற சத்தம் வெச்சிருக்கான். கெட்டிக்காரன், பண்டாய் லா."

"அப்புறம்?" என்றார் உடையப்பன்.

"அப்புறம்... அதாண்ணே. மழ."

கத்தரின் அடுத்து. "நாய் கொலைக்குது பாருங்கண்ணே, நெஜ நாய் மாதிரியே. எங்க வீட்டு நாய் பதிலுக்குக் கொலச்சிருச்சு." சொல்லிவிட்டு அவசரமாகத் தேநீரைக் குடித்தாள்.

கஸ்பார் ஆட்டத்தைப் பற்றி நிறையவே பேசினான். பேசியதெல்லாம் காலடிச் சத்தம். கல் தரையில் எப்படி, மரத் தரையில் எப்படி, சேற்றில் எப்படி. மாளிகை எப்படி இருந்தது, காவலாளி என்ன நிறத்தில் சட்டை போட்டிருந்தான் என்று மூன்று பேரில் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உடையப்பனுக்கு அது உறைக்கவில்லை. இவ்வளவு நுணுக்கமாகக் கேட்டு ஆடுகிறார்களே, பிள்ளைகள் என்னைத் தாண்டிவிட்டார்கள் என்று பெருமையும் துக்கமுமாக நினைத்துக்கொண்டார்.

அவர் முறை வந்தது. வாயைத் திறந்தார். 'கிராபிக்ஸ் நல்லா இருக்கு' என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். சொல்ல வரவில்லை. இந்த மூன்று பேரிடம் அவர் இதுவரை ஒரு பொய்தான் சொல்லியிருந்தார், அந்த ஒரு வரிப் பொய். இன்னொன்று சொல்ல மனம் ஒப்பவில்லை.

"நான் இனிமே ஆட மாட்டேன்பா" என்றார்.

"என்னாண்ணே சொல்றீங்க?"

"என்னால முடியல. ஒண்ணுமே தெரியல எனக்கு. நீங்கெல்லாம் ஆடிட்டீங்க, நான் மொத கதவையே தாண்டல. கண்ணு போச்சு. இனிப்பு நீரு. டாக்டரு அப்பவே சொன்னாங்க, நாந்தான் போகாம இருந்துட்டேன். குழுவ கஸ்பார் பாத்துக்கட்டும். நான் சும்மா பேர் மட்டும் வெச்சுக்கிறேன்."

கத்தரின்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அண்ணே, தெரியலன்னா... எப்படித் தெரியல?"

"கறுப்பா இருக்கு, தங்கச்சி. மொத்தமும் கறுப்பா. ஓரத்துல ஒரு கோடு மட்டும் தெரியுது."

"எடது பக்கமா?" என்றான் தீபன்.

"ஆமா."

"நூல் மாதிரி?" என்றான் கஸ்பார்.

உடையப்பன் அவனைப் பார்த்தார். கஸ்பார் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். "ஐயோ அண்ணே! எனக்கும் அந்தக் கோடு மட்டும்தாண்ணே தெரியுது! டிவி போச்சுன்னு நெனச்சு நேத்து புது டிவி வாங்கிட்டேன் லா!"

"நான் எங்க வீட்டுக்காரரோட சண்ட போட்டேன்" என்றாள் கத்தரின். "அவருதான் ஒயர மாத்திப் போட்டு என்னமோ பண்ணிட்டாருன்னு. பாவம் மனுஷன், ஒரு நாள் பூரா என்கூடப் பேசல."

"எனக்கு ஆடவே தெரியாமப் போச்சுன்னு நெனச்சேண்ணே" என்றான் தீபன். "அந்த நாயி என்னை எத்தன தடவ கடிச்சிருச்சு தெரியுமா?"

"அப்புறம் ஏண்டா மழ, மழன்னு சொன்ன?"

"வேற என்னாண்ணே சொல்றது? மழதான கேக்குது! இருட்டா இருக்குன்னு சொன்னா பிச்சைமுத்து கதிதான் எனக்கும். நீங்க வேற 'வீண் போகல'ன்னு போட்டுட்டீங்க!"

தீபன் அந்த இடத்திலேயே கைப்பேசியை எடுத்து, சட்டப்படி நான்கு நாளாகத் தொடாமல் வைத்திருந்த பக்கங்களைத் திறந்தான். ஊர் உலகமெல்லாம் ஒரே ஒப்பாரி. ஜப்பான்காரன் திட்டுகிறான், பிரேசில்காரன் திட்டுகிறான், கேமில் இருட்டைத் தவிர ஒன்றுமில்லை என்று ஆயிரக்கணக்கான பேர் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். கேமைச் செய்தவர்களே தப்பு எங்களுடையதுதான், சரிசெய்து அனுப்புகிறோம் என்று மன்னிப்புக் கேட்டுவிட்டார்கள். பூமிப்பந்தில் அந்த இருட்டை வாயார மெச்சியவர்கள் பேராக்கில் இருக்கிற இந்த நாலு பேர் மட்டும்தான்.

உடையப்பனுக்கு முதலில் ஒரு விக்கல் மாதிரிதான் வந்தது. பிறகு சிரிப்பு. தோள் குலுங்க, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணில் நீர் கொட்டியது. அவர் சத்தமாகச் சிரித்து அவர்கள் பார்த்ததே இல்லை. பரிமாறுகிறவர் ரசம் வாளியோடு நின்று வேடிக்கை பார்த்தார். பக்கத்து மேசைக் குடும்பம் திரும்பிப் பார்த்தது. அவர் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

அந்த நேரம் பார்த்துப் புஷ்பலதா பூப்பையோடு உள்ளே வந்தார். "என்னாங்க, கடைவீதி வரைக்கும் கேக்குது உங்க சிரிப்பு?"

தீபனுக்கு வாய் சும்மா இருக்குமா? "அண்ணி, கதையைக் கேளுங்க! கேமு இருட்டா இருந்ததுக்கு, அண்ணன் தன் கண்ணுதான் போச்சுன்னு நெனச்சு நாலு நாளா ஒக்காந்திருக்காரு!"

புஷ்பலதா சிரிக்கவில்லை. பையை மேசையில் வைத்தார். கணவரைப் பார்த்தபடி நின்றார். மற்ற மூன்று பேரின் சிரிப்பும் ஒவ்வொன்றாக அடங்கியது.

"அதுக்குத்தான் கோசோங் குடிச்சீங்களா?"

உடையப்பன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"நான் இருளாயி அக்காகிட்ட சொன்னேன். பையன்கிட்ட சொன்னேன். ஊரெல்லாம் பெருமையா சொல்லிட்டுத் திரிஞ்சேன். நீங்க கண்ணு போச்சுன்னு நெனச்சுக்கிட்டு எங்கூட ஒக்காந்து சோறு தின்னிருக்கீங்க. எங்கிட்ட சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு?"

"நீ பயந்துருவேன்னு..."

"நீங்க பயந்தீங்களே, அப்ப நான் எங்க இருந்தேன்? பக்கத்துலதான படுத்திருந்தேன்! வாட்சப்புல இருக்கிறவங்களுக்குச் சொல்லத் தெரியுது, எனக்குச் சொல்லத் தெரியல. இத்தன வருசமா யாரு கண்ணுலயும் படாம போறதுக்குக் கத்துக்கிட்டீங்களே, என் கண்ணுலயும் படாம போறதுக்குத்தானா?"

கத்தரின் எழுந்து நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள். புஷ்பலதா உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உடையப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. கேம் இருட்டு என்பதெல்லாம் சரி, அந்த ரத்தப் புள்ளிகள் அப்படியேதானே இருக்கின்றன? அதை யார் போய்ப் பார்த்தார்கள்? இலையைத் தள்ளி வைத்தார். வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் கை கழுவப் போகிற சாக்கில் நழுவுகிற மனிதர், நாற்காலியை விட்டு நகரவில்லை.

"புஷ்பா" என்றார், எல்லாரும் கேட்கும்படியாகவே. "கிளினிக்குக்குப் போணும். எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்கு. நீயும் வாரியா?"

புஷ்பலதா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வராம? எங்க போவப் போறேன்?" என்றார். பிறகு பரிமாறுகிறவரைக் கூப்பிட்டுத் தனக்கும் ஒரு இலை போடச் சொன்னார். கஸ்பார் புது டிவி வாங்கிய கதையையும் கேட்டு, அது எத்தனை இஞ்ச் என்று விசாரிக்கவும் செய்தார். அன்று சாப்பாடு நன்றாகவே இறங்கியது.

மறுநாளே போனார்கள். கண்ணில் மருந்தை விட்டு, கண்மணி விரிகிற வரை உட்காரவைத்து, படம் எடுத்தார்கள். உடையப்பன் வாங்குப் பலகையில் உட்கார்ந்து காத்திருந்தார். டாக்டரம்மா படத்தைப் பெரிதாக்கி இரண்டு தரம் பார்த்தார். "அதே புள்ளிங்கதான். பெருசாகல. தப்பிச்சீங்க. ஆனா சீனிய விடுங்க, வருஷா வருஷம் வாங்க. ஏன் வரலன்னு கேக்கவா?" என்றார். "கேக்காதீங்க டாக்டர், இனிமே நான் கூட்டிட்டு வாரேன்" என்றார் புஷ்பலதா. உடையப்பன் நாற்காலியில் சாய்ந்து, வயிற்றுக்குள்ளிருந்து ஒரு மூச்சு விட்டார்.

வெளியே நல்ல உச்சி வெயில். மருந்து விட்ட கண்ணுக்கு உலகம் முழுவதும் வெள்ளை வெளேரென்று கூசியது. கார் எது, கல் எது என்று தெரியாமல் படியில் நின்று தடுமாறினார். புஷ்பலதா கையைப் பிடித்து இறக்கினார். வாசல் நிறைய ஜனம். வரிசையில் நின்றவர்களில் புந்தோங்குக்காரர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள், சுகுமாரன் மாமியார்கூட நின்றார். ஒரு கிழவர் சீன நண்பரை இடித்துக் காட்டிச் சிரித்தார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் இவர்கள் இரண்டு பேரும் தெருவில் கை கோத்து நடந்ததில்லை.

கடைசிப் படி இறங்கியதும் புஷ்பலதா, "சரி, கைய விடுங்க. எல்லாரும் பாக்குறாங்க" என்று கிசுகிசுத்தார்.

"பாத்தா பாக்கட்டும் லா" என்றார் உடையப்பன். கார் நிறுத்தியிருந்த இடம் வரைக்கும் விடவில்லை.